குரங்குக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

குன்னூர்க்காரர்களுக்குக் குரங்குத் தொல்லையை விளக்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் நானும் வீட்டுக்காரரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மெனக்கெட்டு, ஜன்னலோரம் ஒரு பெஞ்ச் செய்தோம். உள்ளே வர்க்கி பிஸ்கட், பழம் எல்லாம் வைக்க ரகசிய அறை.

மெத்தையை விலக்கி இடது ஓரத்தை அழுத்தினால், மறுபக்கம் மூடி எழும்பும்.

"கைப்புடி வெச்சா கொரங்கு கண்டுபுடிச்சுரும்" என்று சொன்னதும் அவர்தான்.

இன்று மதியம் இருவரும் மார்க்கெட்டிலிருந்து வந்து கதவைத் திறந்தால், பெஞ்சின் முன்னால் ஒரு குரங்கு. ஜன்னலைச் சாத்த மறந்திருக்கிறோம்.

அது எதையும் பிறாண்டவில்லை. மெத்தையை விலக்கியது. இடது ஓரத்தை அழுத்தியது. வர்க்கிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலில் போய் உட்கார்ந்தது.

"ஏனுங்க, இதுக்கு எப்படித் தெரியும்?"

"நீ தெறக்கறத கண்ணாடி வழியாப் பாத்திருக்கும்."

"நான் ஸ்கிரீனை இழுத்து உட்டுட்டுத்தானுங்க தெறப்பேன்."

அவர் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானார். சர்க்கரை வந்த பிறகு வர்க்கியைத் தொடவே மாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்த மனிதர்.

"காத்தால, நீ எந்திரிக்கறதுக்கு முன்னால, ஒண்ணே ஒண்ணுதான்" என்றார், செருப்பிடம்.

ஒரே ஒரு நாள் பார்த்து எந்தக் குரங்கும் இத்தனை சுத்தமாகக் கற்றுக்கொள்ளாது.

இப்போது பூட்டுப் போட்டுவிடலாம் என்கிறார். குரங்காவது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றது. சாவியை யாரிடம் கொடுக்கலாம், நீங்களே சொல்லுங்கள்.