ராமசெல்வியின் க்ளோஸ்-அப் துப்பாக்கி

வியாசர்பாடி ராமசெல்வி செய்யாத துப்பாக்கி கிடையாது. எதுவும் சுடாது, அவ்வளவுதான். கொஞ்சம் மரம், கொஞ்சம் பிளாஸ்டிக் பைப், எம்சீல், கறுப்பு பெயிண்ட் இருந்தால் போதும். போலீஸ் துப்பாக்கியா, கடத்தல்காரன் துப்பாக்கியா, கேட்டதைக் கேட்டபடி செய்து கொடுப்பாள். சினிமாக்காரர்கள் சாக்கு மூட்டையில் கட்டி வாங்கிப் போவார்கள்.

ஆனால் அவள் செய்ததெல்லாம் கூட்டத்துக்குத்தான் போகும். வில்லனுக்குப் பின்னால் ஒரு படையே நிற்குமே, அதில் கடைசி வரிசை ஆளின் தோளில் தொங்குவது ராமசெல்வியின் கைவேலை. தியேட்டருக்குப் போனால் அவள் கதையைப் பார்க்க மாட்டாள். "அதோ, அந்த மீசக்காரன் கைல கீது பாரு" என்று புருஷன் பீம்ராவின் தொடையைக் கிள்ளுவாள். அவன் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மீசைக்காரன் செத்திருப்பான்.

பீம்ராவ் பிளம்பர். அவன் வேலை முடித்துக் கொண்டுவந்து போட்ட துண்டு பைப்புகளில்தான் இந்தத் தொழிலே ஆரம்பித்தது. பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கு மகள் ராணுவ வீரராகப் போக, ராமசெல்வி ஒரு துப்பாக்கி செய்து கொடுத்தாள். பிள்ளைக்குப் பரிசு கிடைக்கவில்லை. பார்க்க வந்திருந்த சினிமா ஆள் ஒருவர், பிள்ளையை விட்டுவிட்டுத் துப்பாக்கியை விசாரித்தார். அன்று பிடித்த தொழிலை அவள் விடவே இல்லை. ஒரே ஒரு ஆசைதான் பாக்கி இருந்தது. தான் செய்த துப்பாக்கி திரை முழுக்கத் தெரிய வேண்டும். ஒரே ஒரு க்ளோஸ்-அப். அதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று பீம்ராவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

போன மாசம் ராயபுரத்து ஜெரால்ட் வந்தான். ஒரு படத்தில் உதவி ஆர்ட் டைரக்டர்.

"அக்கா, இந்த தபா கூட்டத்துக்கு இல்ல. ஹீரோயினுக்கு. துப்பாக்கி வாயி ஸ்கிரீன் ஃபுல்லா தெரியும். நாளான்னிக்கு காலைல எண்ணூர் கொண்டாந்துரு" என்று ஒரு தாளைக் கையில் திணித்துவிட்டு வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டான்.

ராமசெல்விக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தாளை விரித்துப் பார்த்தாள். படம் அத்தனை அழகு. துப்பாக்கி அப்படியே எழுந்து வந்துவிடும் போல இருந்தது. எழுத்துதான் விளங்கவில்லை. துப்பாக்கியின் வாயருகே ஒரு அம்புக்குறி போட்டு, 'மஸில் பிரேக்' என்று எழுதி, அதற்குப் பிறகு 'வேண்' என்று தொடங்கி, நடுவில் என்னவோ சுழித்து, 'ம்' என்று முடித்திருந்தான். வேண்டுமா, வேண்டாமா? அந்த ஒற்றை எழுத்தில் துணைக்கால் இருக்கிறதா, சுழி இருக்கிறதா என்பது எழுதியவனுக்கே வெளிச்சம்.

ஜெரால்டை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? இன்றைக்கு ஊரே கட்டைவிரலால்தான் எழுதுகிறது. பேனாவைக் கையில் எடுப்பது பார்சல்காரனுக்குக் கையெழுத்துப் போட மட்டும். அதுவும் கோழி கிளறின மாதிரி ஒரு கிளறல். ராமசெல்வியும் லேசுப்பட்டவள் இல்லை. அதற்கு முந்தின வாரம்தான் மரத்தில் தானே குறித்த அளவைத் தானே தப்பாகப் படித்து, ஒரு துப்பாக்கியைக் குட்டையாக்கி வைத்தவள்தான்.

போன் போட்டால் ஜெரால்ட் எடுக்கவில்லை. அந்தப் படத்தின் டைரக்டர், காட்சிகள் வெளியே கசிந்துவிடும் என்று எல்லோருடைய போனையும் பெட்டியில் வாங்கிப் பூட்டிவிடுகிறவராம்.

பீம்ராவ் தாளை வாங்கிப் படித்தான். "பிரேக்குன்னா ஒடிக்கிறது. வாய ஒடிக்க வேண்டாம்னு சொல்றான். ஒடிச்சா இன்னாத்துக்கு ஆவும் துப்பாக்கி?"

"யோவ், அது வண்டி பிரேக்கு மாதிரி எதுனா இருக்கும்யா."

தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே பிரேக்தானே, அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பக்கத்து வீட்டு மலிகா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, "வேண்டும்" என்று அடித்துச் சொன்னாள். மருந்துக்கடை ஒவைஸ் டாக்டர் சீட்டையெல்லாம் அனாயாசமாகப் படிக்கிறவர் ஆயிற்றே என்று ராமசெல்வி அவரிடம் ஓடினாள். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாத்திரை பேரா இருந்தா சொல்லிருவேம்மா" என்று திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் பிரேக் என்னதான் செய்யும் என்று தெரிந்துகொண்டால் ஒரு முடிவுக்கு வரலாம் என்று தோன்றியது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கிடங்குக்குக் காவல் இருக்கும் சிலுவைமுத்து, ராணுவத்தில் பீரங்கி பக்கத்தில் நின்றே காலம் கழித்தவர். பைப் வாங்கப் போகும்போது பழக்கம். ஒரு காது சுத்தமாகக் கேட்காது.

"ண்ணா, துப்பாக்கில மஸில் பிரேக்குன்னா இன்னாண்ணா?" என்று கேட்டாள்.

"இன்னாது?"

"துப்பாக்கி, துப்பாக்கி" என்று கத்தினாள். லாரியில் கம்பி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ராமசெல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சிலுவைமுத்துவுக்கு ஒரே சந்தோஷம். ராணுவத்தைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டே ரொம்ப நாளாகியிருந்தது. "குண்டு வெளிய போவ சொல்லோ பின்னாடியே புகை முட்டிகினு வரும்மா. அதுலதான் பாதி உதை. வாயாண்ட ஒரு மூடி மாட்டி ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டுட்டா, புகை சைடுல பூடும். சுடுறவன் தோளுக்கு சொகம். பக்கத்துல நிக்கிறவனுக்குத்தான் காது காலி" என்று தன் காதைத் தொட்டுக் காட்டினார். "பீரங்கிலயும் அதே கததான்."

விஷயம் புரிந்தது. வேண்டுமா வேண்டாமா என்பது மட்டும் அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்து அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பீம்ராவ், "இதுக்கா இவ்ளோ பேஜாரு? பைப்புக்கு மறை வெட்ற மாதிரி வெட்டித் தரேன். வேணும்னா திருகு, வேணாம்னா கழட்டு" என்றான். பிளம்பரைக் கட்டிக்கொண்டது வீண்போகவில்லை என்று அன்றைக்குத்தான் அவள் வாயாரச் சொன்னாள்.

துப்பாக்கி உருவானது. அதற்கு மேல் அந்த மூடி, தடித்த அலுமினியப் பைப்பில், பக்கத்துக்கு மூன்று பிளவு, ஒவ்வொன்றையும் அரம் போட்டு ராவி இழைத்தாள். சொல்லக் கூடாது, துப்பாக்கியைவிட மூடிதான் அழகு.

எண்ணூர் கழிமுகத்தில் ஒரு மீன்பிடிப் படகில் ஷூட்டிங். பீம்ராவும் அவளும் துணியில் சுற்றிய துப்பாக்கியோடு போய் இறங்கியதும், ராமசெல்வி தாளை ஜெரால்டின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "படி."

அவன் நேராகப் பார்த்தான். தலைகீழாகப் பார்த்தான். "சத்தியமா தெர்ல அக்கா. அன்னிக்கு இன்னா நெனச்சு எழுதினேனோ."

டைரக்டரிடமே கேட்டார்கள். மூடி இல்லாமல் வெறுமனே இருக்கட்டும் என்றுவிட்டார். ராமசெல்வி மூடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். மனசு கேட்கவில்லைதான். போகட்டும், க்ளோஸ்-அப் இருக்கிறதே.

ஹீரோயின் சுட்டார். விளக்குமாற்றைப் பிடித்த மாதிரி கை அசையவே இல்லை. "சுட்டா உதைக்கும்மா" என்றார் டைரக்டர். அடுத்த முறை பின்னால் போய் விழாத குறை. அதற்கடுத்த முறை தோள் மட்டும் தனியாகக் குலுங்கியது. கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள். வெயில் ஏறியது. டைரக்டர் தொப்பியைக் கழற்றி வீசி, "க்ளோஸ்-அப் வேணாம்ப்பா. வில்லன் விழறத மட்டும் எடுங்க" என்றார்.

ராமசெல்விக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் காத்திருந்து, வாசல்வரை வந்து, அப்படியே திரும்பிப் போவதா? கால் தானாகப் படகில் ஏறிவிட்டது.

"சார், இந்த பிரேக்க மாட்டினா உதை ரொம்ப கம்மி சார். மேடம் ஆடவே வேணாம்."

டைரக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பொய்த் துப்பாக்கிக்கு எதுக்கும்மா பிரேக்கு?"

"பொய்த் துப்பாக்கி பொய்யா உதைக்கலாம்னா, பொய் பிரேக்கும் இருக்கலாம்ல சார்? பக்கத்துல நிக்கிறவர காதப் பொத்திக்க சொல்லுங்க. சத்தம் அவருக்குத்தான்."

டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். மூடியைத் திருகினார்கள். ஹீரோயின் கல் மாதிரி நின்று சுட, பக்கத்து ஆள் காதைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளிக்க, எடுத்த எடுப்பிலேயே ஓகே ஆனது. அதற்குப் பிறகு கேமராவை நகர்த்திக் கொண்டுவந்து துப்பாக்கியின் வாய்க்கு நேரே வைத்தார்கள். மானிட்டரில் தெரிந்த படத்தைப் பார்க்க ஜெரால்ட் அவளைக் கூப்பிட்டான். அந்தப் பிளவுகள், அரம் ராவிய பளபளப்பு, ஓரத்தில் அவளே போட்ட கறுப்பு, எல்லாம் முழுசாகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டே நின்றாள். பீம்ராவின் தொடையைக் கிள்ளக் கூடத் தோன்றவில்லை.

கிளம்பும்போது ஜெரால்ட் ஓடி வந்து பேனாவையும் ஒரு தாளையும் நீட்டினான். "அக்கா, டைட்டில்ல உன் பேரப் போட சொல்லிட்டார் டைரக்டர். எழுதிக் குடு."

அவள் வாங்கி வழக்கம்போல ஒரு கிறுக்குக் கிறுக்கினாள். நீட்டப் போன கை பாதியில் நின்றது. தான் கிறுக்கினதைப் பார்த்தாள். அதை ராமசெல்வன் என்றும் படிக்கலாம், ராமசாமி என்றும் படிக்கலாம். எழுதியதை அடித்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். 'வி'க்கு மேலே கொக்கியை இழுத்து வளைத்து முடிக்க மட்டும் அத்தனை நேரம் ஆனது. பீம்ராவ் பக்கத்தில் நின்று வெயில் படாமல் பார்த்துக்கொண்டான்.

"படி பாக்கலாம்" என்று ஜெரால்டிடம் கொடுத்தாள்.

"ராமசெல்வி" என்று படித்தான் அவன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னொரு தபா படி" என்றாள்.