பச்சைப் புள்ளி

அலுவலகத்தில் அவளுக்குக் கிளி என்று பெயர். அடுத்தவர் சொன்னதை இன்னொரு மொழியில் திருப்பிச் சொல்பவளாம். சர்க்கரை நோய்க்கென்று வேர்ப்பொடி விற்கும் நிறுவனம் அது. அதன் வலைப்பூவில் ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி ஏற்றுவது அவள் வேலை. ஆங்கிலத்தில் ஒரு வரி மாறினாலும் தமிழ்ப் பக்கத்துக்கு எதிரே திரையில் சிவப்புப் புள்ளி தோன்றும். தமிழைத் திருத்திவிட்டுப் பொத்தானை அழுத்தினால் பச்சையாகும். திருத்தாமல் அழுத்தினாலும் பச்சையாகும்.

அதிகாரிகள் கேள்வி கேட்டதால் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை சேர்ந்தது: இது மருந்தல்ல, சர்க்கரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

"தமிழ்ல அது வேணாம். அதிகாரிங்க படிக்கிறது ஆங்கிலம் மட்டும்தான். பச்சையாக்கிடு," என்றார் முதலாளி. தமிழ் பேசுவார்; ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாது. விற்பனையில் பெரும்பங்கு தமிழ்ப் பக்கத்திலிருந்துதான் வந்தது. ஒரு மனிதனின் கால் அழுகுமா அழுகாதா என்பதை அவன் எந்த மொழியில் படிக்கிறான் என்பது தீர்மானிக்கிறது. இதற்கு வியாபார நுணுக்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கிளி பொத்தானை அழுத்தினாள்.

அடுத்த மாதம் சித்தி வீட்டுக்குப் போனபோது நாற்றம் வாசலிலேயே வந்தது. சித்தியின் கால் பெருவிரலில் கட்டு, அதில் சீழ்.

"மாத்திரை போடறியா சித்தி?"

"எதுக்கு? அதான் பொடி சாப்பிடறேனே."

"யாரு சொன்னா?"

"நல்லா கேட்டே போ. நீ எழுதினதுதானே? எங்க பொண்ணு எழுதினதுன்னு தெருவுக்கே அனுப்பியிருக்கேன்டி."

சித்தியை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு அவள் அலுவலகம் வந்தாள். தமிழ்ப் பக்கத்தைத் திறந்து எச்சரிக்கையை எழுதினாள். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒவ்வொரு பத்தியிலும் வேறு வேறு வார்த்தைகளில். பிறகு பொத்தானை அழுத்தினாள்.

ஆர்டர் சரிந்ததும் முதலாளிக்கு விஷயம் தெரிந்தது.

"எடுத்துடும்மா. பழசு மாதிரியே ஆக்கிடு."

"நீங்களே எடுங்க சார். எது எதுன்னு படிச்சுப் பார்த்து எடுங்க."

"திமிரா?"

"எங்க சித்திக்கு விரலை எடுக்கப் போறாங்க சார்."

"அதுக்கு நான் என்ன பண்றது? வயசானவங்களுக்கு வர்றதுதானே."

அவர் திரையையே முறைத்தார். எந்த வரி தன் பொய், எந்த வரி அவள் உண்மை என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் பக்கத்தையே தூக்கினார், அவளையும்.

விரல் போனது, கால் தப்பியது. கட்டிலில் படுத்திருந்த சித்தியின் கைபேசிக்குப் பக்கத்து வீட்டுக்காரி ஒரு படம் அனுப்பியிருந்தாள். பழைய தமிழ்ப் பக்கம்தான், யாரோ எடுத்து வைத்தது. 'சர்க்கரைக்கு நல்லதாம், சாப்பிடுங்க அக்கா.' கிளி கைபேசியை எடுத்துப் பார்த்தாள்.

"குடுடி அதை," என்றாள் சித்தி. கட்டுப்போட்ட காலைப் படம் எடுத்துத் தெருவுக்கே அனுப்பினாள்.

"என்ன எழுதணும், சொல்லு. இந்தத் தடவை நான் எழுதறேன்."