‘வருமுங்க’ என்பார் சித்ரகலா

மவுஸைத் தொடுவதற்கு முன் சித்ரகலா வலது கையைச் சேலைத் தலைப்பில் ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொள்வார். வெள்ளை பனியனில் விரல் கறை படக் கூடாது என்று பத்து வருடம் செக்கிங் டேபிளில் நின்று வந்த பழக்கம். இப்போது எதிரே இருப்பது பனியன் அல்ல, தலைப்பிரட்டையின் மூளை. "கறையெல்லாம் படாதும்மா, அது படம்" என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. "கை கேக்க மாட்டேங்குதுங்க" என்பார்.

வேலம்பாளையத்தில், கீழே தையல் மிஷின்கள் இரைகிற ஒரு கட்டடத்தின் மாடியில் எங்கள் அறை. ஆறு கம்ப்யூட்டர். அவருக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. எங்கோ வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில், வளர்ந்துகொண்டிருக்கும் தலைப்பிரட்டையின் மூளைக்குள் ஒரே ஒரு நரம்புச் செல்லை ஒளிரவைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு படமாக எடுத்து அனுப்புகிறார்கள். செல்லிலிருந்து கிளைகள் முளைத்து நீளும். படத்துக்குப் படம் அந்தக் கிளைகளின் மேல் கோடு இழுப்பதுதான் எங்கள் வேலை. பனியன் துணி மாதிரியே இந்த ஊருக்கு மூளைகூட லாட் லாட்டாகத்தான் வருகிறது.

முதல் லாட்டில் சித்ரகலா செய்த கூத்தை என்னவென்று சொல்ல! பெரிய கிளைகளைப் பிசகாமல் வரைந்துவிட்டு, ஓரங்களில் மயிரிழையாக நீட்டிக்கொண்டிருந்த குட்டிக் கிளைகளைப் படத்திலிருந்தே ஒன்றுவிடாமல் அழித்துவிட்டார். பிசிறு என்று நினைத்துவிட்டார். தைத்த துணியில் நூல் நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டித்தானே பழக்கம்? நானூறு படம். ஆய்வுக்கூடம் அப்படியே திருப்பி அனுப்பியது. எங்கள் முதலாளி சசிகுமார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். "அக்கா, அந்தப் பிசிறுதானுங்க முக்கியமே. அதுதான் வெளிய வந்து பக்கத்துச் செல்லைத் தேடுது. தொட்டு இணைப்பு உழுந்துச்சுன்னா நிக்கும், பெரிய கிளையாகும்."

"உழுகலீன்னாங்க?"

"உள்ள போயிருமுங்க."

சித்ரகலாவின் முகம் செத்துவிட்டது. எனக்குக் காரணம் தெரியும். அவர் மடியில் உட்கார்ந்திருந்த மகள் கீர்த்தனாவுக்கு ஐந்து வயது. இன்னும் ஒரு சொல் பேசியதில்லை, அம்மா என்றுகூட இல்லை. மூளையில் இணைப்புகள் சரியாக விழவில்லை என்று கோவையில் டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள விடுகிறார்கள் என்றுதான் பனியன் கம்பெனியை விட்டு இங்கே வந்தார். "எத்தனையை வெட்டிப்போட்டனோங்க, பாவி" என்று அன்று அவர் அழுதபோது, அது படம்தானம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த லாட் முழுவதையும் திருத்திக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு பிசிறைக்கூட விட்டதில்லை. ஆனால் வேறு வம்பு வந்தது. ஒரு கிளையை அடுத்தடுத்து ஆறு படங்களில் காணோம் என்றால், அது இருந்த இடத்தில் சிவப்பு நிறத்தில் இன்டு மார்க் போட வேண்டும். மறைந்துவிட்டது என்று அர்த்தம். சித்ரகலா போடமாட்டார். காலி இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"வருமுங்க. செத்த நேரம் பாக்கலாமுங்க."

"ஆறு படம் ஆயிருச்சேம்மா."

"ஏழாவதுல வந்தா என்னங்க பண்ணுவீங்க?"

சில வந்தும் இருக்கின்றன; மறைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று முளைக்கும். அப்படி வந்துவிட்டால் பிள்ளையின் கன்னத்தைத் தடவி, "பாரு கண்ணு, வந்துருச்சு பாரு" என்பார். கீர்த்தனா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அங்கே இருக்கப் பிடிக்காமல் நான் டீ குடிக்க இறங்கிவிடுவேன்.

போன வாரம் பிள்ளையைக் கோவைக்குக் கூட்டிப் போய்விட்டு வந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "பேச்சு வருமுன்னு காத்திருக்க வேண்டாமுன்னுட்டாருங்க. சாடையில பேசப் பழக்குங்கன்னாரு" என்றார். யாரைக் குற்றம் சொல்ல? எனக்கு அந்தத் தலைப்பிரட்டையின் மேல் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் காலையில் சசிகுமார் சித்ரகலாவின் பின்னால் வந்து நின்றார். கெட்ட மனிதர் இல்லை. "அக்கா, இன்டு போடாததால போன லாட்டும் திரும்பிருச்சுங்க. இதுவும் திரும்புச்சுன்னா உங்களுக்குப் பதிலா வேற ஆளைப் போடச் சொல்றாங்க. நானென்னங்க பண்றது?"

"இல்லீங்க, போட்டர்றனுங்க."

படத்தைத் திறந்தார். கோவைக்குப் போவதற்கு முன் ஒரு பகல் முழுக்க அவர் காத்திருந்த கிளையின் இடம் இருட்டாகக் கிடந்தது. மிச்சப் படங்களைக் கடைசிவரை ஓட்டினார். திரும்ப முதலிலிருந்து ஓட்டினார். வரவில்லை. என்னவோ அன்றைக்கென்று பார்த்து, கீர்த்தனா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்ரகலா இடது கையால் பிள்ளையின் கண்களைப் பொத்திக்கொண்டு, வலது கையால் இன்டு போட்டார்.