ஸ்லாவ்காவின் ஓவனில் வெந்த ஸ்பார்க் பிளக்குகள்

இரண்டு பேருக்கும் சொந்த வீடு இருந்ததுதான் தகராறு.

கனடாவில் உக்ரேனியர்கள் குடியேறிய டாஃபின் ஊரில் லெஸ்யா ப்ரொசிக்கின் வீடு ஒரு தெரு, ஒரெஸ்ட் ஹவ்ரிலுக்கின் வீடு அடுத்த தெரு. அவளுக்கு ஐம்பத்தாறு வயது, புருஷன் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. பனித்தரையில் கல்லைச் சறுக்கவிட்டு ஆடும் கர்லிங் கிளப்பின் சமையற்கட்டு அவள் ராஜ்யம். ஸ்கூல் பஸ் ஓட்டும் ஒரெஸ்டுக்கு இதுவரை கல்யாணமே ஆகவில்லை. அக்கா ஸ்லாவ்காதான் கூட இருந்து பொங்கிப் போடுகிறாள். இந்த வயதில் கல்யாணம் என்று முடிவானதும் ஊரே சிரித்தது, அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். ஆனால் யார் யார் வீட்டுக்குப் போவது? லெஸ்யா குள்ளம். தன் உயரத்துக்குத் தானே மேடை கட்டி, தெற்குப் பக்கம் ஜன்னல் வைத்து, பார்த்துப் பார்த்துச் செய்த சமையலறையை விட்டு அவள் வருவதாயில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கிளப்பில் பியர் குடித்துக்கொண்டிருக்கையில் ஒரெஸ்ட் தன் காரைப் பற்றிப் பீற்ற ஆரம்பித்தான். அறுபத்திரண்டாம் வருஷத்து வண்டி. நீலமும் வெள்ளையுமாகப் படகு மாதிரி நீளம். அக்டோபரில் ஷெட்டுக்குள் போனால் மே மாதம்தான் வெளியே வரும்.

"கல்யாணத்தன்னிக்கு இதுலதான் உன்னை சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போகப் போறேன்."

"ஜனவரியிலயா? அது வெயில்கால வண்டிப்பா. ஓனர் மாதிரியே."

மேசையே சிரிப்பில் குலுங்கியது. ஒரெஸ்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பந்தயம்! வண்டி கிளம்பி உன்னை சர்ச் வாசல்ல இறக்கிவிட்டா நீ என் வீட்டுக்கு வரணும். கிளம்பலைன்னா நான் பெட்டியைத் தூக்கிட்டு உன் வீட்டுக்கு வர்றேன்."

"அடி கையை!" என்றாள் லெஸ்யா. வெளியே மைனஸ் இருபத்தைந்து டிகிரி. சமையலறை தப்பித்தது என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தை முடித்துவைக்கும் ஜோர்தான் பண்டிகை கழிந்த சனிக்கிழமை முகூர்த்தம். அன்று காலை மைனஸ் முப்பத்துநாலு. மூக்கு முடி உறைந்து குத்துகிற குளிர். மாப்பிள்ளை வரவேண்டிய நேரம் தாண்டியும் வரவில்லை. போன்தான் வந்தது.

"லெஸ்யா..." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ராத்திரி பூரா இன்ஜினைச் சூடு பண்ற ஹீட்டரைப் பிளக்ல மாட்டித்தான் வெச்சிருந்தேன். பேட்டரியைக் கழட்டி அடுப்பு பக்கத்துல படுக்க வெச்சேன், குழந்தை மாதிரி. இன்ஜின் சுத்தவே மாட்டேங்குது. நீ ஜெயிச்சுட்டே."

ஜெயித்த பெண் என்ன செய்யவேண்டும்? வேறு யாருடைய பிக்கப் வண்டியிலாவது ஏறி சர்ச்சுக்குப் போகவேண்டும். லெஸ்யா கல்யாண கவுனுக்கு மேலே தடித்த பார்க்கா கோட்டை மாட்டிக்கொண்டு, கம்பளி பூட்ஸில் அடுத்த தெருவுக்கு ஓடினாள்.

பானெட் திறந்து கிடந்தது. கோட்டும் டையுமாக ஒரெஸ்ட் அதற்குள் தலையை விட்டிருந்தான். "முகூர்த்தத்துக்கு முன்னாடி பொண்ணைப் பார்க்கக் கூடாதே!" என்று கண்ணைப் பொத்திக்கொண்டான்.

"பொத்திக்கோ. நான் காரைப் பார்க்க வந்தேன்."

முன்கிரில்லிலிருந்து தொங்கிய ஹீட்டர் வயரைத் தொட்டாள். ராத்திரி முழுக்க மின்சாரம் ஓடிய வயர் கொஞ்சமாவது வெதுவெதுப்பாக இருக்கும். இது கம்பியாய் விறைத்திருந்தது. வயர் போகும் வழியே பார்வையைக் கொண்டுபோனாள். கொட்டகைச் சுவர், கூரை விளிம்பு, அங்கே வரிசையாக அணைந்துகிடந்த பண்டிகை விளக்குகள். இரண்டுக்கும் ஒரே பிளக் பாயிண்ட், ஒரே சுவிட்ச்.

"ஸ்லாவ்கா அக்கா! விளக்கை யாரு அணைச்சா?"

வாசலில் வந்து நின்ற ஸ்லாவ்கா, "நான்தான். ஜோர்தான் முடிஞ்சாச்சுல்ல? இன்னும் எரியவிட்டா ஊரு சிரிக்கும்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் கை வாய்க்குப் போய்விட்டது. "ஐயையோ!"

ஒரெஸ்ட் கண்ணைப் பொத்தியிருந்த கையை எடுத்தான். "அக்கா!"

அவன் முகத்தைப் பார்த்த லெஸ்யாவுக்கு எரிச்சல் வந்தது. குளிர் வண்டியைத் தோற்கடித்திருந்தால் சரி; நாத்தனாரின் விரல் தோற்கடித்து ஜெயித்தேன் என்று கிளப்பில் எப்படிச் சொல்வது? "அழாதே. ஹீட்டரை வீட்டுக்குள்ள இருக்கற பாயிண்ட்ல மாட்டு. எத்தனை தடவை ஆக்ஸிலேட்டரை மிதிச்சே?"

"கொஞ்சம்... நிறைய."

"பெட்ரோல் நாத்தம் இங்க வரைக்கும் வருது. மூழ்கடிச்சுட்டே. பிளக்கெல்லாம் நனைஞ்சிருக்கும், கழட்டு."

எட்டு ஸ்பார்க் பிளக்கையும் துணியில் அழுத்தித் துடைத்து, தட்டில் அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஓவனைத் திறந்தால் ஹோலுப்சி, சோறு பொதிந்த முட்டைக்கோஸ் சுருள்கள், விருந்துக்கு நூறு பேருக்கு.

"என் ஹோலுப்சி!" என்று அலறினாள் ஸ்லாவ்கா.

"உங்க விளக்கு, உங்க ஹோலுப்சி. கணக்கு சரி."

சுருள்கள் வெளியே, பிளக்குகள் உள்ளே. அவை காயும் வரை ஒரெஸ்ட் பானெட் மேல் கல்யாணப் பரிசாக வந்த கம்பளிகளைப் போர்த்தினான். பிறகு சூட்டோடு சூடாக ஓடிவந்து, கையுறை புகைய ஒவ்வொன்றாக மாட்டினார்கள். கார்புரேட்டருக்குள் காற்று வழியை அடைக்கும் சோக் மூடி உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. லெஸ்யா மரக்கரண்டியின் காம்பை விட்டு அதை நெம்பித் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"ஆக்ஸிலேட்டரை அடி வரைக்கும் அமுக்கு. அப்படியே வெச்சிரு. மறுபடி மிதிச்சே, கல்யாணமே கிடையாது!"

வண்டி இழுத்தது. முனகியது. இருமியது. பின்னால் ஒரு கருமேகம் கக்கி, "டம்!" என்று வெடித்து, பக்கத்து வீட்டு நாயைக் குரைக்கவைத்து, உறுமத் தொடங்கியது. மூவரும் பனியில் குதித்தார்கள். ஸ்லாவ்கா ஏப்ரனோடு ஆடினாள். குதித்துக்கொண்டிருக்கும்போதுதான் லெஸ்யாவுக்கு உறைத்தது: தன் சமையலறையைத் தானே தோற்றிருக்கிறாள்.

"நீ தோத்துட்ட லெஸ்யா!" மூவரும் ஏறிக் கிளம்பியதும் ஒரெஸ்ட் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிக் கத்தினான்.

"ரோட்டைப் பாரு. இன்னும் சர்ச் வரலை."

சர்ச்சும் வந்தது. இன்ஜினை அணைக்க அவனுக்கு தைரியம் இல்லை. ஸ்லாவ்காவைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டு இறங்கினார்கள். பெட்ரோல் வாசமும் கரித்துளியுமாகப் பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே நுழைய, ஃபாதர் மூக்கைச் சுருக்கினார்.

"நான் தோத்ததை ஒத்துக்கறேன்," பீடத்தை நோக்கி நடந்துகொண்டே லெஸ்யா கிசுகிசுத்தாள். "ஆனா உன் ஓவன் இனி ரொட்டி சுடறதுக்கு லாயக்கில்லை. என் அடுப்பு என்னோட வரும்."

"வரட்டும்."

"மேடையும் வரும். என் உயரத்துக்கு."

"அவ்வளவு கீழே நான் எப்படிக் குனியறது?"

"தெற்குச் சுவத்துல ஒரு ஜன்னல் அடிக்கணும்."

"அது கூரையைத் தாங்குற சுவரும்மா!"

"நானும் உன்னைத் தாங்கத்தானே போறேன்?"

அதற்குள் பீடம் வந்துவிட்டது. ஃபாதர் புத்தகத்தைப் பார்த்து, "லெஸ்யா, நீ மனசார விரும்பித்தான் வந்திருக்கியாம்மா?" என்று கேட்டார்.

"அடுப்போட வர்றேன், ஃபாதர். மேடையோட, ஜன்னலோட."

பின் வரிசை கர்லிங் கும்பல் காலைத் தரையில் தட்டியது. ஃபாதர் கண்ணாடிக்கு மேலாக ஒரெஸ்டைப் பார்த்தார்.

"எல்லாத்துக்கும் சரின்னு போட்டுக்குங்க, ஃபாதர்," என்றான் மாப்பிள்ளை. "வெளிய பெட்ரோல் தீர்ந்துட்டிருக்கு."