வெளியே தெரிந்த மெத்தட்

மகளுக்கு ஆறு மாதம் ஆனபோது, பனியன் கம்பெனிகள் சூழ்ந்த ராயபுரத்தில் இருந்த சின்ன சாஃப்ட்வேர் அலுவலகத்துக்கு வேலைக்குத் திரும்பினேன். தூக்கம் போதாத நாட்கள். ஜன்னலுக்கு வெளியே பனியன் துணி உருளைகள் வண்டிகளில் மிதந்து போகும். என் முன்னே கம்ப்யூட்டர் திரையும் அப்படியே மிதக்கும். வீட்டில் அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்து, எழுப்பிவிடுவேன். எழுதிய புரோகிராமிலும் எனக்கு அதே பயம்தான்.

பனியன் துணி துவைத்தால் சுருங்கும். சட்டையின் அளவைக் கொடுத்தால், சுருக்கத்தையும் சேர்த்து, வெட்டவேண்டிய அளவைச் சொல்லும் ஒரு கிளாஸ், புரோகிராமின் ஒரு தனிப் பகுதி, எழுதியிருந்தேன். சுருக்கத்தை மட்டும் கணக்கிடும் சில வரிகள், அதாவது மெத்தட், அதற்குள் பிரைவேட்டாக இருந்தது. வெளியிலிருந்து யாரும் அதைக் கூப்பிட முடியாது, கணக்கு சரியா என்று சோதிக்கும் என் யூனிட் டெஸ்ட்டும்கூட. மனசு கேட்கவில்லை. அதைப் பப்ளிக் ஆக்கி டெஸ்ட் எழுதினேன். எல்லாம் சரி என்று பச்சைக் கோடு வந்தது. அந்த நிம்மதியில் அப்படியே விட்டுவிட்டேன்.

ஒரு மதியம், பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் எங்கள் புரோகிராம் அச்சடித்த அளவுத் தாளோடு வந்தார். மறுநாள் காலை அதைப் பார்த்துத்தான் துணி வெட்டவேண்டும்.

"ஏனுங்க, இது ரெண்டு வயசுக் கொழந்தைக்குங்களா, எனக்குங்களா?"

டெஸ்ட்டை ஓட்டினேன், பச்சைதான். பக்கத்து மேசைத் தோழி தயங்கிச் சொன்னாள்: "அக்கா, அந்த மெத்தட் வெளிய தெரிஞ்சுதுங்க. தாள் அச்சடிக்கற எடத்துல நானும் அதக் கூப்பிட்டுச் சேத்துப்போட்டனுங்க."

சுருக்கம் இரண்டு முறை சேர்ந்திருந்தது. மெத்தட்டை மீண்டும் பிரைவேட் ஆக்கினேன். அவள் கூப்பிட்ட வரியில் உடனே பிழை காட்டியது, அந்த வரியை அவளே அழித்தாள். ஆனால் என் பழைய டெஸ்ட்டும் இனி அதைக் கூப்பிட முடியாது; சரியாகிவிட்டது என்று எதை வைத்து நம்புவது? மாஸ்டரிடம் கேட்டேன், சுருக்கத்தை அவர் எப்படிப் பார்க்கிறார் என்று.

"துணியில ஒரு கட்டம் போட்டுத் தொவைக்கக் குடுப்பனுங்க. வந்ததும் அந்தக் கட்டத்த அளப்பனுங்க. மிசினுக்குள்ள தலைய உட்டா பாக்க முடியும்?"

தோழி சிரித்துவிட்டாள். அவர் கையால் கணக்குப் போட்டு வைத்திருந்த அளவுகளை வாங்கினேன். சட்டையின் அளவு உள்ளே போனால் அவருடைய வெட்டு அளவு வெளியே வரவேண்டும் என்று மட்டும் டெஸ்ட் எழுதினேன். வந்தது.

"இப்பக் கொழந்தைக்குத்தானுங்க" என்று புதுத் தாளை மடித்துக்கொண்டு போனார்.

மாலை வீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மேலே போர்த்திய மெல்லிய துணி ஏறி ஏறி இறங்கியது. இதற்குமேல் என்ன வேண்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து விரலையும் வைத்துப் பார்த்தேன். விழித்துக்கொண்டாள்.