நாலு நட்டு

மண்ணெண்ணெயில் ஊறிய துருவின் வாடை எனக்கு ஆகவே ஆகாது. இன்று ஒண்டிக்கடை மெக்கானிக் என் ஜீப் சக்கரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றியதும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

அப்போது எங்கள் ஊர் தலைச்சோலையில் காப்பிப் பழம் பறிக்கும் காலம். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் அப்பாவின் ஜீப் எங்கள் வாசலில் பஞ்சராகி நின்றது. இறுகிய நட்டை ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறவிடுவது அவர் வழக்கம். அன்று அம்மா விடவில்லை.

"ஏனுங்க, ஆளுங்க நொம்ப நேரமாக் காத்துக்கிட்டிருக்காங்க."

அப்பா ஸ்பேனர் மேல் ஏறி மிதித்தார். ஐந்து போல்ட்டில் இரண்டு முறிந்தன. வேறு சக்கரத்தை மாட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூணு இருக்குதில்லீங்க, போதுமுங்க. மெதுவாப் போங்க," என்றாள் அம்மா.

கொட்டச்சேடு வளைவில் சக்கரம் கழன்றுவிட்டது. ஆள் ஏற்றப் போனவரைக் காப்பிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

"அக்கா, ஒரு போல்ட்டு முறிஞ்சிருச்சுங்க," என்று இன்று ஒண்டிக்கடை மெக்கானிக் என்னைக் கூப்பிட்டான். "நாலு இருக்குது, போதுமுங்க. மெதுவாப் போயிரலாம்."

என்னோடு வந்து கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள். குனிந்து, தரையில் கிடந்த நாலு நட்டையும் பொறுக்கி, முந்தானையில் இறுக்கி முடிந்துகொண்டாள்.