குப்புறக் கிடக்கும் பட்டவன்

மதுரைக்குப் போய்வந்தேன் என்றதும் ஆபீசில் எல்லோரும் குங்குமம் கேட்டார்கள். இந்தத் தடவை நான் கோயில் வாசலைக்கூட மிதிக்கவில்லை. போனது ஒரு கல்லுக்காக. அதுவும் நானாக இழுத்துவிட்டுக்கொண்ட காரியம்.

மதுரை வடக்கு வெளி வீதிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் சிறிய காட்சிச்சாலை ஒன்று இருக்கிறது. வயல்காடுகளில் அகப்பட்ட தாழிகள், செப்புக் காசுகள், எழுத்து வெட்டிய கற்கள் எல்லாம் மூன்று அறைகளில் வைத்திருக்கிறார்கள். பங்குனிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் சொந்தக்காரர். சொந்த இடம் அமையாவிட்டால் எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்துப் பட்டணத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். அதற்காக ஒரு பரிசுக்கட்டு விற்கிறார்கள். ஜில்லாவின் சித்திரக்காரர்கள் வரைந்த பன்னிரண்டு படங்களை ஒரு சுங்குடித் துணியில் முடிந்து தருவார்கள். விலை இரண்டு ரூபாய்.

சண்டை ஓய்ந்து வந்த முதல் பொங்கல் அல்லவா, நான் ஆறு கட்டுகளைத் தபாலில் வரவழைத்துச் சிநேகிதர்களுக்கு அனுப்பினேன். நல்ல காரியம் செய்தோம் என்ற பெருமை எனக்கு இரண்டு வாரம் தாங்கியது. பிறகு சின்னையாவின் கடிதம் வந்தது. அவன் என்னோடு படித்தவன், கொட்டாம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாத்தியார்.

"நீ அனுப்பிய படங்களைப் பள்ளிக்கூடத்தில் மாட்டினேன். முதல் படம் இப்போது சுவரைப் பார்த்துத் திரும்பித் தொங்குகிறது. திருப்பியவள் இந்த ஊர்த் தாயார் ஒருத்தி. அவளை அந்தக் காட்சிச்சாலைக்குக் கூட்டிப்போக வேண்டும். அனுப்பியவன் நீ, நீயும் வா."

தை மாதக் கடைசி சனிக்கிழமை கிளம்பினேன். திருச்சியில் காலை ஆறு மணிக்குப் பஸ். பெட்ரோல் இன்னும் பழையபடி கிடைக்காததால் கரியில் ஓடும் வண்டிதான். முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு அது ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கும். துவரங்குறிச்சியில் அடுப்பைக் கிளறி மறுபடி கரி போட முக்கால் மணி நேரம் ஆயிற்று. பின் சீட்டில் உட்காராதீர்கள். என் வெள்ளை ஜிப்பா வெள்ளையாக இறங்கவில்லை. கொட்டாம்பட்டி ஐம்பத்து மூன்று மைல், கட்டணம் ஒன்றரை ரூபாய், போய்ச் சேரும்போது மணி பதினொன்று.

சாலையோரப் புளியமரத்தடியில் சின்னையா நின்றான். கூட ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், கையில் ஒரு துணி மூட்டை. பெயர் வெள்ளையம்மா. மூன்று குறுக்கம் கடலைக்காடு வைத்துப் பிழைக்கிற குடும்பம். கணவர் இல்லை. ஒரே மகன் ராசு மலேயாவுக்குப் போனவன். ஜப்பான்காரன் அங்கே நுழைந்த நாளிலிருந்து கடிதம் இல்லை.

மதுரைப் பஸ் வரும்வரை சின்னையா கதையைச் சொன்னான்.

அந்தப் படத்தில் இருப்பது வெள்ளையம்மா வகையறாவின் பட்டவன் கல். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் மாடு களவாட வந்தவர்களை மறித்துச் செத்துப்போன முன்னோர் ஒருவருக்கு நட்ட கல். கேட்டது நடக்காவிட்டால் கல்லைக் குப்புறப் போட்டுவிடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். மழைக்கும் போட்டிருக்கிறார்கள், காணாமல்போன காளைக்கும் போட்டிருக்கிறார்கள். நடந்தபிறகு நிமிர்த்தி, பால் ஊற்றி, பொங்கல் வைப்பார்கள். நாலு வருஷத்துக்கு முன் வெள்ளையம்மா தன் மகனுக்காகப் போட்டாள். ஒன்றரை வருஷத்துக்கு முன் யாரோ வண்டி கொண்டுவந்து கண்மாய்க் கரையிலிருந்து அதை எடுத்துப் போனார்கள். சர்க்கார் எடுத்துப் போயிற்று என்று ஊர் வாயை மூடிக்கொண்டது.

"எடுத்துட்டுப் போனதுகூட அந்தம்மாவுக்குப் பெருசில்ல மாப்ள," என்றான் சின்னையா. "எங்க கெடந்தாலும் குப்புறத்தானே கெடக்கும்னு இருந்துருக்கு. ஒம் படத்துல நிமுந்து நிக்கிறாரு பாரு, அதப் பாத்துட்டுத்தான் ஒக்காந்துருச்சு."

மகன் வரும் முன்னே பட்டவன் எழுந்துவிட்டார். அவள் கேட்ட வரம் பாதியில் அறுந்துபோயிற்று. அதுதான் விஷயம்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சின்னையா தனியாக இழுத்துப்போய் இன்னொன்றும் சொன்னான். மலேயாவிலிருந்து திரும்பிய ஒருவன் ராசுவைக் காட்டுக்குள் ரயில் பாதை போடக் கொண்டுபோனதைப் பார்த்திருக்கிறான். அந்தக் கூட்டத்தில் திரும்பியவர்கள் யாரையும் அவன் பார்க்கவில்லையாம். நான் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்திரமாக வீட்டில் இருந்தபடி படம் வாங்கி அனுப்பிய என் மேலேயே எனக்கு வெறுப்பாக வந்தது.

பன்னிரண்டேகாலுக்குப் பஸ். மதுரை முப்பது மைல், தலைக்குப் பதினாலு அணா. மேலூரில் இருபது நிமிஷம் நிற்கும், இட்லி கிடைக்கும். கண்டக்டர் சீட்டுக் கிழித்துக்கொண்டே, "எங்கண்ணே போறீக?" என்றார். சொன்னேன்.

"ஓ, மியூசியமா! பட்டணத்துல செத்த காலேஜும்பாக. நானும் பாத்துருக்கேண்ணே."

அவள் காதுபட 'செத்த' என்ற அந்த ஆள் வாயில் கரியை அள்ளிப் போடலாமா என்றிருந்தது. வெள்ளையம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒத்தக்கடையில் யானைமலை முழுசாகத் தெரியும். வலது பக்கம் உட்கார்ந்தால் நன்றாகப் பார்க்கலாம். அன்று நாங்கள் மூவரும் பார்க்கவில்லை. வைகைப் பாலம் தாண்டி இறங்கும்போது மூன்றேகால். அங்கிருந்து காட்சிச்சாலைக்கு ஜட்கா ஆறணா கேட்டான், கொடுத்தேன்.

கூடத்தில் நுழைந்ததும் நேரே அந்தக் கல்தான். சிமெண்டு மேடையில் மூன்றடி உயரம், ஓங்கிய வாள், காலடியில் இரண்டு மாடுகள், சற்றே மூளியான இடது காது. முகம் நன்றாக விழித்துப் பார்க்கிறது. வெள்ளையம்மா வாசலிலேயே நின்று, கல்லுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். அதன் பிறகு நடந்த பேச்சு முழுக்க அவள் தெருவைப் பார்த்துக்கொண்டே பேசியது.

காப்பாளர் சொக்கலிங்கம் நல்ல மனிதர், பார்த்த வேலையை விட்டுவிட்டு இந்தக் கல்லையும் மண்ணையும் கட்டிக்கொண்டு அழுகிறவர். கல்லை எடுத்து வந்தவரும் அவர்தான்.

"அநாதையாக் குப்புறக் கெடந்துச்சும்மா. கணக்குப்பிள்ளையக் கேட்டேன். யாரும் கும்பிடுறதில்லன்னாரு."

"கும்பிடலதான்யா. கோவமா இருந்தோம்ல."

சொக்கலிங்கத்துக்கு முகம் செத்துவிட்டது. "சரிம்மா, வண்டி பிடிச்சு ஊருக்கே அனுப்பிடுறேன்," என்றார். அந்தக் கல்தான் அவருடைய காட்சிச்சாலையின் கண். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அவள் வேண்டாம் என்றாள்.

"ஊருக்கு வேணாம்யா. அங்க வந்தா பங்காளிக நிமித்தி வச்சுருவாக. எம்புட்டு நாளைக்குத்தான் போட்டு வைப்ப, அவன் இல்லேன்னு ஆச்சு, பதினாறக் கும்பிட்டு முடிங்கிறாக. எனக்கு யாரும் முடிக்க வேணாம். இங்கேயே கெடக்கட்டும். குப்புறப் போட்டுருங்க, அது போதும்."

சின்னையாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ரயில் பாதைச் செய்தியும் தெரிந்திருக்கும்.

சொக்கலிங்கம் மெதுவாகச் சொன்னார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பெரிய மனிதர்கள் வருகிறார்கள். பஞ்சு வியாபாரி ஒருவர் இந்தக் கல்லின் படத்தைப் பார்த்துவிட்டு, கட்டடத்துக்கு மனை தருவதாகச் சொல்லியிருக்கிறார். கல்லை நேரில் பார்க்க வருகிறார். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் நிக்கட்டும்மா. திங்கக்கிழமை விடிஞ்சதும் நானே படுக்க வைக்கிறேன்."

நியாயம்தானே என்று எனக்குத் தோன்றியது. சொல்லவும் வாயெடுத்தேன்.

"ஒன்றர வருசமா நிக்கிறாரு," என்றாள் வெள்ளையம்மா. "கெடக்காருன்னு நெனச்சுத்தான் நான் கஞ்சி குடிச்சேன். தெரியாம நின்னது போகட்டும். இனித் தெரிஞ்சு ஒரு நாள் எப்பிடிய்யா நிக்க விடுவேன்?"

பக்கத்து அறையில் பரிசுக்கட்டு முடிந்துகொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்தார். சீதாராமய்யர் என்று பெயர், கீழ வாசல் பக்கத்துச் சௌராஷ்டிரர், சாயப்பட்டறையில் வேலை. பட்டவன் படத்தை வரைந்த சித்திரக்காரர் அவர்தான். எதுவும் கேட்காமல் மூலையிலிருந்த கடப்பாரையை எடுத்தார். "வைக்கோல் கொண்டாங்க, சொக்கலிங்கம்," என்றார்.

சொக்கலிங்கம் கொண்டுவந்தார். நாலு பேரும் சேர்ந்தோம். நான் கால்பக்கம் பிடித்தேன். கல்லின் கனத்தைவிட அந்த முகம் என்னை நோக்கிச் சாய்ந்து வந்ததுதான் தாங்க முடியவில்லை. முகம் கீழே இருக்க வைக்கோலில் இறக்கினோம்.

"மொகம் படிஞ்சுருச்சா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

"படிஞ்சுருச்சும்மா," என்றார் சீதாராமய்யர்.

அப்போதுதான் திரும்பினாள். மூட்டையில் சூடம், பழம் எதுவும் இல்லை. ஒரு பழைய வேட்டிதான் இருந்தது, ராசுவுடையது. அதால் கல்லின் முதுகைத் துடைத்தாள். "கெட. எம் மகன் வரட்டும். அப்பறம் எந்திரி," என்றாள். அதட்டலாகத்தான் சொன்னாள். நான் வெளியே போய்த் தெருவில் நின்றேன். அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

அவர்கள் இருவரும் ஆறு மணிப் பஸ்ஸில் திரும்பினார்கள். ஏறும்போது என்னிடம், "படம் அனுப்புனது நீங்கதானாய்யா? நல்லதுதான் செஞ்சீக. இல்லேன்னா தெரியாமலே போயிருக்கும்," என்றாள்.

நான் தங்கினேன். மறுநாள் காலை போனபோது சீதாராமய்யர் விற்காத கட்டுகளையெல்லாம் அவிழ்த்து, தன் படத்தை உருவி எடுத்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. பிறகு தரையில் உட்கார்ந்து கல்லின் முதுகை வரைந்தார். உளி கொத்திய தடங்கள், மண் கறை, வேறொன்றும் இல்லை.

பத்து மணிக்குப் பஞ்சு வியாபாரி வந்தார். சொக்கலிங்கம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டார். "நிமித்தி வச்சபெறகு சொல்லி அனுப்புங்க, வாரேன்," என்று காரில் ஏறிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சொக்கலிங்கம் வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்து, தாழிகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். காட்சிச்சாலை வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை திறந்திருக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை. பங்குனிக்குப் பிறகு போகிறவர்கள் வீடு மாறிவிட்டதா என்று விசாரித்துக்கொண்டு போங்கள். பக்கத்துத் தெருவில் ஆறணாவுக்குச் சாப்பாடு, சோறு அளந்துதான் போடுவார்கள். பரிசுக்கட்டு அதே இரண்டு ரூபாய்தான், கல்யாணத்துக்கோ வருஷப்பிறப்புக்கோ பத்தாக வாங்குங்கள், அந்த மனிதருக்கு ஒத்தாசையாக இருக்கும். முதல் படத்தில் ஒன்றுமே இல்லையே என்று கேட்காதீர்கள். துணியின் முடிச்சுகளை நீங்களேதான் அவிழ்த்துக்கொள்ள வேண்டும், அப்படித்தான் தருவார்கள்.

கூடத்தில் வைக்கோல்மேல் கிடக்கும் கல்லைத் தூக்கிக் காட்டச் சொல்ல வேண்டாம். என் அறிவு எனக்கு என்ன சொல்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும், நீங்கள் போகிற நாளில் அது மேடைமேல் நிமிர்ந்து நின்று, அந்த முகம் உங்களைப் பார்த்தால், தயவுசெய்து இந்தப் பத்திரிகை மூலம் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். ஒரு வரி போதும்.